பீடியாட்ரிக் எண்டோ க்யூபேங்க் ஒரு வருஷம் யூஸ் பண்ணேன், வாங்கலாமா வேணாமா

எக்ஸாம் முடிஞ்சு ரிசல்ட்டும் வந்துடுச்சு, இப்பதான் உக்காந்து எழுத நேரம் கெடச்சிருக்கு. எங்க காலேஜ் ஜூனியர்ஸ் நாலஞ்சு பேரு "அக்கா அந்த க்யூபேங்க் வாங்கலாமா, குடுக்குற காசுக்கு வொர்த்தா"ன்னு மெசேஜ் பண்ணிட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் டியூட்டி நடுவுல அரைகுறையா பதில் போடுறதுக்கு ஒரே எடத்துல முழுசா சொல்லிடலாம்னுதான் இது. குழந்தைகள் எண்டோகிரைனாலஜிக்குன்னே, அதாவது குழந்தைகளோட ஹார்மோன் நோய்களுக்குன்னே, தனியா வர்ற க்யூபேங்க் (எக்ஸாமுக்கு போட்டுப் பாக்குற கேள்வித் தொகுப்பு), போன்லயும் லேப்டாப்லயும் ஓடும், 12 மாச சந்தா 16,500 ரூபாய் கட்டி வாங்கினேன். பேரு போடல, கேக்காதீங்க. என் கூட படிச்ச ரெண்டு பேரு வேற கம்பெனியோடது வாங்கினாங்க, நான் கீழ சொல்ற குறையில பாதி அதுலயும் இருந்துச்சு, அதனால எந்த பேருன்னு பாக்குறத விட உள்ள எதை செக் பண்ணி வாங்கணும்னு தெரிஞ்சுக்கறதுதான் உங்களுக்கு உபயோகம்.

என்னைப் பத்தி கொஞ்சம். எம்.டி பீடியாட்ரிக்ஸ் தமிழ்நாட்டுல முடிச்சிட்டு ஃபெல்லோஷிப்புக்கு பெங்களூரு வந்தேன், வீடு அல்சூர்ல, ஆஸ்பத்திரி ஜெயநகர் பக்கம். ஓபிக்கு வர்றவங்கள்ல நெறைய பேரு ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி சைடுல இருந்து காலைல பஸ் புடிச்சு வர்றவங்க, அதனால கன்னட ஊர்ல உக்காந்துகிட்டு பாதி நாள் தமிழ்லதான் ஓபி பாக்குறேன். நீட் பிஜிக்குன்னா தெருவுக்கு தெரு கோச்சிங் இருக்கு, டெஸ்ட் சீரிஸ் இருக்கு, கூட படிக்க நூறு பேரு இருப்பாங்க. நம்ம சப்ஜெக்ட்ல ஒரு யூனிட்டுக்கு ஒருத்தரோ ரெண்டு பேரோதான், கோச்சிங்ன்னு ஒண்ணு கிடையாது, மேடம் ரவுண்ட்ஸ்ல சொல்லித்தர்றது போக மிச்சம் எல்லாம் தானா படிச்சுக்கறதுதான். அந்த தனிமைக்குத்தான் நான் காசு குடுத்தேன்னு கூட சொல்லலாம். ராத்திரி 11 மணிக்கு வீட்டுக்கு வந்து பெரிய புக்கை திறந்தா ரெண்டு பக்கம் தாண்டாது, ஆனா பத்து கேள்வி போட்டுப் பாக்க முடியும்.

முதல்ல நல்லதை சொல்லிடறேன், ஏன்னா நல்லது நெஜமாவே நல்லா இருக்கு.

கேள்விகள் ஒரு வரி கேள்வி இல்ல. குழந்தை வயசு, அம்மா அப்பா ஹைட், க்ரோத் சார்ட் படம், லேப் வேல்யூ, எல்லாம் குடுத்துட்டு அடுத்து என்ன பண்ணுவீங்கன்னு கேப்பாங்க. உதாரணத்துக்கு, 8 வயசு பொண்ணு, 5 வயசு வரைக்கும் நடுக்கோட்டுல போயிட்டிருந்தா, அப்புறம் ஹைட் அப்படியே நின்னு போச்சு, வெயிட் மட்டும் ஏறிட்டே இருக்கு, மலச்சிக்கல் இருக்கு, ஸ்கூல்ல டீச்சர் "மந்தமா இருக்கா"ன்னு சொல்றாங்க. தைராய்டு டெஸ்ட், க்ரோத் ஹார்மோன் ஸ்டிமுலேஷன், கேரியோடைப் (குரோமோசோம் டெஸ்ட்), எம்ஆர்ஐன்னு நாலு ஆப்ஷன். சட்டுன்னு பெரிய டெஸ்ட்டுக்கு கை போகும், ஆனா தைராய்டு பாக்காம க்ரோத் ஹார்மோன் டெஸ்ட் பண்ணவே கூடாது, ஏன்னா ஹைப்போதைராய்டு இருந்தா அந்த டெஸ்ட்டே பொய்யா கம்மி காட்டும். இதை விளக்கத்துல ரொம்ப அழகா எழுதியிருந்தாங்க, வெயிட் முதல்ல விழுந்து அப்புறம் ஹைட் விழுந்தா சாப்பாடு, குடல், நாள்பட்ட நோய் பக்கம் யோசி, வெயிட் நல்லா இருந்து ஹைட் மட்டும் நின்னா ஹார்மோன் பக்கம் யோசின்னு ரெண்டு சார்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு. எனக்கு இது தெரியாததில்ல, ஆனா சார்ட்டைப் பாத்த ரெண்டு செகண்ட்ல கண்ணு அங்க போறதுக்கு இந்த மாதிரி முப்பது கேள்வி போட்டதுதான் காரணம். அதுக்கப்புறம் ஒரு மாசத்துல கிருஷ்ணகிரில இருந்து ஒரு பாப்பா அச்சு அசல் அதே சார்ட்டோட வந்தா, தைராய்டு கம்மியானா ஏறுற டிஎஸ்ஹெச் 150க்கு மேல. அவங்க அம்மா மூணு வருஷமா ஹெல்த் மிக்ஸ் மாத்தி மாத்தி குடுத்துட்டு இருந்திருக்காங்க பாவம்.

குழந்தைகளுக்கு சுகர் கம்மியாகுறது, அதாவது ஹைப்போகிளைசீமியா, அந்த சாப்டர் இதுல எல்லாத்துலயும் பெஸ்ட். ஒரு நாள் நைட் 2 மணிக்கு என்ஐசியூல (பச்சக்குழந்தைங்க ஐசியூ) இருந்து கால், 3 கிலோ குழந்தை, சுகர் ஏறவே மாட்டேங்குதுன்னு. 12.5 பர்சன்ட் டெக்ஸ்ட்ரோஸ் மணிக்கு 15 மில்லி போயிட்டு இருக்கு. ஜிஐஆர் கணக்கு, அதாவது நிமிஷத்துக்கு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் சுகர் போகுதுன்னு பாக்க, மணிக்கு எத்தனை மில்லியோ அதை டெக்ஸ்ட்ரோஸ் பர்சன்ட்டால பெருக்கி, 6ஐ வெயிட்டால பெருக்கி வர்றதால வகுக்கணும், 15 இன்ட்டு 12.5, வகுத்தல் 18, 10.4 வருது. 8க்கு மேல குடுத்தும் சுகர் நிக்கலன்னா இன்சுலின் அதிகமா சுரக்குதோன்னு சந்தேகப்படணும், சுகர் 50க்கு கீழ இருக்கும்போதே இன்சுலின், கீட்டோன், ஃப்ரீ ஃபேட்டி ஆசிட், கார்டிசால் எல்லாத்துக்கும் ரத்தம் எடுத்துடணும், சுகரை ஏத்திட்டு அப்புறம் எடுத்தா அந்த சாம்பிள் ஒண்ணுத்துக்கும் ஆகாது. நம்ம எல்லாருக்கும் தெரியும், ஆனா குழந்தை சோர்ந்து கெடக்கும்போது சாம்பிள் எடுக்க மறந்துட்டு டெக்ஸ்ட்ரோஸ் போலஸ் (ஒரே தடவையா வேகமா ஏத்துறது) போடத்தான் கை போகும். அன்னிக்கு நான் போன்லயே ஜூனியர்கிட்ட "முதல்ல ரத்த ட்யூப், அந்த நிமிஷமே போலஸ்"னு சொன்னேன், அந்த வார்த்தை இந்த க்யூபேங்க் விளக்கத்துல இருந்து வந்ததுதான். இன்சுலினை அடக்குற டயாசாக்சைடு மருந்தை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எக்கோ (இதய ஸ்கேன்) பாத்துடு, நுரையீரல் ரத்தக்குழாய் பிரஷர் ஏறுற ஆபத்து இருக்குன்னு 2015ல அமெரிக்க எஃப்டிஏ எச்சரிச்சதையும் அதே எடத்துல போட்டிருந்தாங்க. அந்த சாப்டர் எழுதினவங்க யாரோ, நெஜமாவே குழந்தை பக்கத்துல நின்னு பாத்தவங்க.

சிக் டே ரூல்ஸும், அதாவது சுகர் இருக்குற குழந்தைக்கு உடம்பு சரியில்லாத நாள்ல என்ன பண்ணணுங்கறதும், நல்லா இருக்கு. டைப் 1 டயாபெட்டிஸ் குழந்தைக்கு வாந்தி, சாப்பிடல, சாப்பிடாதப்ப இன்சுலின் எதுக்குன்னு வீட்ல ஊசிய நிறுத்திடுவாங்க, அங்கதான் கீட்டோன் ஏறி டிகேஏல, அதாவது இன்சுலின் பத்தாம ரத்தம் அமிலமாகுற ஆபத்துல, வந்து நிக்கும். பேசல் இன்சுலினை (சாப்பிட்டாலும் சாப்பிடலன்னாலும் போட வேண்டிய அடிப்படை இன்சுலின்) எந்த காரணத்துக்கும் முழுசா நிறுத்தக்கூடாது, கீட்டோன் பாரு, தண்ணி குடு, அளவை மாத்துன்னு நாலு கேள்வியில நாலு விதமா மனசுல பதிய வெச்சிருக்காங்க.

இனி குறை. இங்க கொஞ்சம் நீளமா சொல்றேன், ஏன்னா இதுல சிலது மார்க் போற விஷயம் மட்டும் இல்ல, குழந்தைக்கு ஆபத்தாகுற விஷயம்.

டிகேஏ சாப்டர் பழசு. குழந்தைங்க டயாபெட்டிஸுக்கான உலக சங்கம் இஸ்பாட், அதோட கைட்லைன் 2022ல மாறிடுச்சு, பைகார்பனேட் 18க்கு கீழன்னாலே டிகேஏன்னு வெச்சுக்கணும், முன்னாடி 2018ல அது 15. பிஹெச் 7.3க்கு கீழ, சுகர் 200க்கு மேல, ரத்தத்துல கீட்டோன் 3 அல்லது அதுக்கு மேல, இதெல்லாம் அப்படியேதான். நான் சந்தா கட்டினப்போ 2022 கைட்லைன் வந்து ரொம்ப நாள் ஆச்சு, இவங்க கேள்வியில இன்னும் 15தான். ஒரு கேள்வியில பைகார்பனேட் 16, பிஹெச் 7.31, கீட்டோன் 4 இருக்குற பையன், "இது டிகேஏ இல்ல"ன்னு பதில் குடுத்து நான் போட்டது தப்புன்னு செவப்புல காட்டுது. அந்தப் பையனை அப்படி நெனச்சு வார்டுல சாதாரணமா விட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

ஃப்ளூயிட் விஷயமும் அதே கதை. வேகமா ஃப்ளூயிட் போட்டா மூளை வீங்கிடும்னு நம்ம எல்லாரையும் பயமுறுத்தியே வளத்துட்டாங்க, நான் பிஜி படிச்சப்போ போலஸ்னு சொன்னாலே சீனியர் முறைப்பாங்க. 2018ல அமெரிக்காவுல 13 சென்டர் சேந்து 1,255 குழந்தைங்ககிட்ட 1,389 டிகேஏ எபிசோட்ல ட்ரையல் பண்ணி, வேகமா போட்டாலும் மெதுவா போட்டாலும், 0.9 பர்சன்ட் சலைனோ 0.45ஓ, மூளை பாதிப்புல பெரிய வித்தியாசம் இல்லன்னு காட்டிட்டாங்க. 2022 கைட்லைன்ல 10ல இருந்து 20 மில்லி ஒரு கிலோவுக்கு, 20ல இருந்து 30 நிமிஷத்துலன்னு வந்துடுச்சு. க்யூபேங்க்ல இன்னும் பழைய பயம்தான் எழுதியிருக்கு. இன்சுலின் மட்டும் ஃப்ளூயிட் ஆரம்பிச்சு ஒரு மணி நேரமாவது கழிச்சு, மணிக்கு கிலோவுக்கு 0.05ல இருந்து 0.1 யூனிட்னு சரியா போட்டிருக்காங்க, அது வரைக்கும் ஓகே.

நான் ஒவ்வொரு கேள்விக்கும் கீழ இருக்குற "தவறைத் தெரிவிக்க" பட்டனை அழுத்தி, எந்த கைட்லைன், எந்த அட்டவணைன்னு எல்லாம் எழுதி அனுப்பினேன், மொத்தம் 11 தடவை. மூணு வாரம் கழிச்சு எங்க அகாடமிக் டீம் பாக்குறாங்கன்னு ஒரு மெயில் வந்துச்சு, சந்தா முடியுற வரைக்கும் ஒண்ணும் மாறல. காசு வாங்கினவங்க இதை மட்டுமாவது செஞ்சிருக்கணும். பிழை யாருக்கும் வரும், எடுத்துச் சொன்னப்புறமும் திருத்தலன்னா அதுல படிச்ச டாக்டர் அதையேதான் நாளைக்கு கேஷுவாலிட்டில பண்ணுவாங்க.

அடுத்தது யூனிட். இது கேக்க சின்ன விஷயமா இருக்கும், எக்ஸாம்ல உயிரை எடுத்துடும். பாதி கேள்வி அமெரிக்க யூனிட்ல, பாதி இங்கிலாந்து யூனிட்ல, எங்கயோ ரெண்டு பேரு தனித்தனியா எழுதி ஒட்டின மாதிரி. சுகர்னா மில்லிமோலை 18ஆல பெருக்கினா நம்ம மில்லிகிராம் வந்துடும், அது எல்லாருக்கும் பழக்கம். கார்டிசால் 18 மைக்ரோகிராம்னா 27.6ஆல பெருக்கி கிட்டத்தட்ட 500 நானோமோல். வைட்டமின் டி நானோகிராமை 2.5ஆல பெருக்கணும். இதுல வைட்டமின் டில பெரிய தப்பு ஒண்ணு, 30க்கு கீழன்னா குறைபாடுன்னு போட்டிருக்காங்க, எந்த யூனிட்னு எழுதல. ரிக்கெட்ஸ் பத்தின 2016 உலக கன்சென்சஸ்ல 30 நானோமோல்னு இருக்கு, அதாவது 12 நானோகிராம். இதையே நம்ம ஊர் லேப் ரிப்போர்ட்ல 30 நானோகிராம்னு எடுத்துக்கிட்டா ஓபிக்கு வர்ற முக்கால்வாசி குழந்தைக்கும் வைட்டமின் டி டோஸ் எழுதிக்கிட்டு இருப்போம். நான் ஒரு அட்டையில இந்த மூணு எண்ணையும் ஸ்கெட்ச் பேனால எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வெச்சிருந்தேன், எங்க மாமியார் அது ஏதோ ரேஷன் கணக்குன்னு நெனச்சு பத்திரமா பாத்துக்கிட்டாங்க.

மூணாவது குறைதான் எனக்கு மனசு ஆறாதது. இந்த கேள்விகள்ல வர்ற குழந்தைங்க எல்லாம் வேற நாட்டுல பொறந்தவங்க. பொறந்த ரெண்டாம் நாள் குதிகால்ல ரத்தம் எடுத்து எல்லா டெஸ்ட்டும் அரசாங்கமே பண்ணிடும், பத்தாவது நாள் ரிசல்ட்டோட அம்மா அப்பா உங்க முன்னாடி உக்காந்திருப்பாங்க, அங்க இருந்துதான் கேள்வியே ஆரம்பிக்கும். எங்க ஓபில அப்படி எத்தனை பேரு வர்றாங்க? நாக்கு துருத்திக்கிட்டு, தொப்புள் பிதுங்கி, மூணு மாசத்துல, ஆறு மாசத்துல தூக்கிட்டு வர்றாங்க. ஐசிஎம்ஆர் அஞ்சு நகரத்துல 1 லட்சத்து 4 ஆயிரம் குழந்தைகளுக்கு மேல ஸ்க்ரீன் பண்ணதுல 1,130 குழந்தைக்கு ஒண்ணுக்கு பிறவி ஹைப்போதைராய்டு இருந்துச்சு, சென்னையில மட்டும் பாத்தா 727க்கு ஒண்ணு. கன்ஜெனிடல் அட்ரினல் ஹைப்பர்பிளேசியா (கார்டிசாலும் உப்பை புடிச்சு வெக்குற ஹார்மோனும் பொறப்புலயே சரியா சுரக்காத நோய்) மொத்தத்துல 5,762க்கு ஒண்ணு, சென்னையில 2,036க்கு ஒண்ணு. நம்ம சனங்க மத்தியில சொந்தத்துல கல்யாணம் பண்றது சகஜம், ஸ்க்ரீனிங் எல்லா ஊருக்கும் போய் சேரல, இங்க படிக்கிற டாக்டருக்கு ஸ்க்ரீனிங் இல்லாம வர்ற குழந்தையைத்தானே முதல்ல கேக்கணும்?

ஒரு குழந்தைய பத்தி சொல்லணும். ஓசூர் பக்கத்துல இருந்து 16 நாள் ஆண் குழந்தை, வாந்தி, பால் குடிக்கல, பொறந்த வெயிட்டுக்கு கீழ போயிடுச்சு. வழியில ஒரு எடத்துல இது வயித்து வாய் அடைப்பா இருக்கலாம், ஸ்கேன் பண்ணுங்கன்னு அனுப்பிட்டாங்க. சோடியம் 114, பொட்டாசியம் 7.8. வயித்து வாய் அடைப்புன்னா வாந்தியில ஆசிட் போயி பொட்டாசியம் கம்மியாதான் இருக்கும், ரத்தம் காரத்தன்மைக்கு போகும், இங்க எல்லாம் தலைகீழா இருக்கு, மேல சொன்ன அட்ரினல் நோய்தான் சந்தேகம். பொம்பளப் பிள்ளைன்னா பிறப்புறுப்பு பாத்தவுடனே யாராவது சந்தேகப்படுவாங்க, ஆம்பளப் பிள்ளைக்கு வெளியில ஒண்ணுமே தெரியாது, ரெண்டாவது மூணாவது வாரத்துல உப்பு எல்லாம் போயி ஷாக்ல வரும், பல குழந்தைங்க வந்து சேர்றதே இல்ல, "வாந்தி பேதில போயிடுச்சு"ன்னு வீட்ல சொல்லிக்கிட்டு இருப்பாங்க. அந்த நோயைக் காட்டுற 17 ஓஹெச்பி டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுத்துட்டு ரிசல்ட்டுக்கு காத்திருக்காம சலைன், சதுர மீட்டருக்கு 50ல இருந்து 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன், மூணாம் நாள் குழந்தை பால் குடிச்சுது. அந்த அம்மாவுக்கு முதல் பையன் இதே மாதிரி இருபது நாள்ல போயிட்டான்னு அப்புறம்தான் சொன்னாங்க. இந்தக் கேள்வி க்யூபேங்க்ல இருக்கான்னு தேடிப் பாத்தேன். இந்த நோய்க்கு காரணமான 21 ஹைட்ராக்சிலேஸ் குறைபாடு பத்தி 40 கேள்வி இருக்கு, ஜீன் பேரு, கார்ட்டிசோல் பாதையில எந்த என்சைம் எங்க, வாலிப வயசுல முகப்பரு, எல்லாம் இருக்கு. ஸ்க்ரீனிங் இல்லாத ஊர்ல வாந்தியோட வர்ற ஆண் குழந்தை ஒண்ணே ஒண்ணு கூட இல்ல.

க்ரோத் சார்ட்டும் அப்படித்தான், எல்லாம் அமெரிக்க சிடிசி சார்ட். நம்ம எக்ஸாமினர் முதல்ல கேக்குறதே "எந்த சார்ட்ல போட்டீங்க, ஏன்"னுதான். 5 வயசு வரைக்கும் டபிள்யூஹெச்ஓ, 5ல இருந்து 18க்கு ஐஏபி (இந்திய குழந்தை மருத்துவர்கள் சங்கம்) 2015. பிஎம்ஐ சார்ட்ல ஓவர்வெயிட்டுக்கும் ஒபிசிட்டிக்கும் பெரியவங்களோட 23, 27க்கு சமமான கோடு போட்டிருப்பாங்க, மேல்நாட்டு 25, 30 இல்ல, ஏன்னா நம்ம உடம்புக்கு கம்மி வெயிட்லயே தொப்பைக்கொழுப்பும் சுகரும் வந்துடும். போன் ஏஜ் (எலும்போட வயசு) பாக்குற க்ரூலிச் பைல் அட்லஸ் கூட 1930கள்ல க்ளீவ்லேண்ட்ல வசதியான வெள்ளைக்கார குழந்தைகளோட கை எக்ஸ்ரே வெச்சு பண்ணது, வேற வழியில்லாம நாமளும் அதையே வெச்சு படிக்கிறோம், அதை தெரிஞ்சுக்கிட்டு படிக்கணும்னு ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். போன் ஏஜ் படமே மங்கலா இருக்கு, ரெண்டு விரல்ல பெருசாக்கினா கட்டம் கட்டமா ஒடையுது, எபிஃபிசிஸ் (வளர்ற எலும்பு நுனி) மூடியிருக்கா இல்லையான்னு பாக்கத்தானே அந்தப் படம்?

ஆப் பத்தி சுருக்கமா. நெட் இல்லாம ஓடாது. நான் அல்சூர்ல மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்ல மாறி ஜெயநகர் போறவ, எம்.ஜி. ரோடு தாண்டினதும் ட்ரெயின் தரைக்கு அடியில எறங்கிடும், கேள்வி பாதில சுத்திக்கிட்டே நிக்கும், திரும்ப நெட் வந்தா போட்ட விடை போயிருக்கும். தினமும் போக வர முக்கால் மணி நேரம் படிக்கலாம்னு நெனச்சுதான் வாங்கினேன், அது பாதி வீணாச்சு. "மத்தவங்களோட ஒப்பிட்டா நீங்க இத்தனாவது எடம்"னு ஒரு கிராஃப் வரும், அதை செட்டிங்ஸ்ல போய் ஆஃப் பண்ணிடுங்க, நைட் டியூட்டி முடிச்சுட்டு வந்து அதைப் பாத்து அழுதவங்க எனக்கு தெரியும். சந்தா முடியுறப்போ தானா ரினியூ ஆகி கார்டுல காசு எடுத்துட்டாங்க, திரும்ப வாங்க 40 நாள் ஆச்சு, எட்டு மெயில். வாங்கின அன்னைக்கே ஆட்டோ ரினியூவலை எடுத்து விட்டுடுங்க.

இதுல இல்லாததுக்கு நான் என்ன பண்ணேன்னு சொல்லிடறேன், இதுக்கெல்லாம் ஒரு ரூபாய் செலவில்ல. இஸ்பாட் கைட்லைன் முழுசும் இலவசமா டவுன்லோட் பண்ணலாம், டயாபெட்டிஸ் பகுதிக்கு அதை முதல்ல படிச்சுட்டு அப்புறம் கேள்வி போடுங்க, தலைகீழா பண்ணா தப்பு மனசுல உக்காந்துடும், நான் முதல் ரெண்டு மாசம் அப்படி பண்ணிதான் பட்டேன். நம்ம நாட்டு குழந்தைகள் எண்டோகிரைன் சங்கம் இஸ்பேயோட 2018 பிறவி ஹைப்போதைராய்டு கைட்லைன் சின்னது, ஒரு சாயங்காலத்துல முடிச்சிடலாம், ஒரு நாளைக்கு கிலோவுக்கு 10ல இருந்து 15 மைக்ரோகிராம் தைராக்சின், மாத்திரைய நுணுக்கி தாய்ப்பால்லயோ தண்ணியிலயோ, இரும்பு கால்சியம் சோயா கூட சேக்காதன்னு வைவால (வாய்மொழித் தேர்வு) கேக்குறது எல்லாம் அதுல இருக்கு. ஐரோப்பிய சங்கம் எஸ்பே ஆரம்பிச்ச இ-லேர்னிங் தளமும் இலவசம், கேஸ் கேஸா போகும், வசதி கம்மியான நாடுகளுக்குன்னே தனிப் பகுதி இருக்கு. எந்த டெஸ்ட் கைல இருக்கோ அதை வெச்சு என்ன பண்றதுன்னு யோசிக்க வைக்கிறது அங்கதான், நான் தேடின அந்த வாந்தி குழந்தை மாதிரி கேஸுக்கு யோசிக்கிற பழக்கம் எனக்கு அங்க இருந்து வந்துச்சு.

6 மாசத்துக்குள்ள டயாபெட்டிஸ் வந்த குழந்தைன்னா டைப் 1னு நெனச்சு விட்டுடாம ஜீன் டெஸ்ட் அனுப்பணும், பொட்டாசியம் சேனல் ஜீன்ல மாற்றம் இருந்தா இன்சுலினை நிறுத்திட்டு க்ளிபென்கிளமைடு மாத்திரைக்கு மாத்த முடியும், 2006ல வந்த ஆய்வுல 49 பேர்ல 44 பேரு ஊசியில இருந்து மாத்திரைக்கு மாறினாங்க. க்யூபேங்க் இதை நல்லா சொல்லிக்குடுக்குது, ஆனா டெஸ்ட்டை எங்க அனுப்புறதுன்னா வெளிநாட்டு லேப் பேருதான் வரும். நம்ம சென்னையிலயே மெட்ராஸ் டயாபெட்டிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் இதுல பல வருஷமா வேலை பண்றாங்க, வைவால நான் அதை சொன்னப்போ எக்ஸாமினர் தலையாட்டினாரு.

வைவா, லாங் கேஸுக்கு இந்த க்யூபேங்க் கொஞ்சம் கூட உதவாது, அதை எதிர்பாத்து வாங்காதீங்க. விரையோட அளவு பாக்குற ஆர்கிடோமீட்டரை கையில புடிச்சு 3 மில்லிக்கும் 4 மில்லிக்கும் வித்தியாசம் தெரியணும், 4 வந்தா பையனுக்கு பியூபர்ட்டி ஆரம்பிச்சாச்சு, 9 வயசுக்கு முன்னாடி வந்தா சீக்கிரம், பொண்ணுன்னா மார்பு வளர்ச்சி 8க்கு முன்னாடி, இதெல்லாம் படத்துல வராது. நானும் இன்னும் ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அல்சூர் ஏரிக்கரையில வள்ளுவர் சிலை பக்கம் நடந்துகிட்டே ஒருத்தர் கேஸ் சொல்ல ஒருத்தர் எக்ஸாமினர் மாதிரி கேக்கன்னு நாலு மாசம் பண்ணோம். ஒரு ரூல் வெச்சிருந்தோம், டயக்னோசிஸ் சொன்னதும் அதை குழந்தையோட அம்மாகிட்ட தமிழ்ல சொல்ற மாதிரி ரெண்டு நிமிஷம் பேசணும். "ஆயுசு முழுக்க ஊசியா டாக்டர்"னு கேக்குற அம்மாவுக்கு என்ன பதில்னு யோசிக்கறப்போதான் எனக்கே எது புரியல, எது மனப்பாடம்னு தெரிஞ்சுது.

ஆக வாங்கலாமா? எக்ஸாமுக்கு 6 மாசம் இருக்கும்போது 6 மாச சந்தா மட்டும் வாங்குங்க, எனக்கு தெரிஞ்சு 9,000 சொச்சம் வரும். 12 மாசம் வேண்டாம், முதல் 6 மாசம் கைட்லைனும் வார்டும் போதும். க்ரோத், ஹைப்போகிளைசீமியா, கால்சியம், சிக் டே, இந்த நாலுக்கு கண்ண மூடிக்கிட்டு போடுங்க. டிகேஏவும் வைட்டமின் டியும் கைட்லைனை பக்கத்துல திறந்து வெச்சுக்கிட்டு மட்டும். வாங்குறதுக்கு முன்னாடி ட்ரையல்ல ஒரே ஒரு விஷயம் செக் பண்ணுங்க, டிகேஏ கேள்வியில பைகார்பனேட் 18ஆ 15ஆ. 15னு இருந்தா அந்த கம்பெனி எதையும் அப்டேட் பண்றதில்லன்னு அர்த்தம், வேற பாருங்க. ஜெனரல் பீடியாட்ரிக்ஸ் பிஜி பண்றவங்க, இதை வாங்கவே வேண்டாம், உங்களுக்கு வேண்டியதை விட ரொம்ப ஆழம்.

ஸ்டார் போடணும்னா அஞ்சுக்கு மூணு. அந்த 11 கேள்வியையும் அன்னைக்கே திருத்தியிருந்தா தயங்காம நாலு போட்டிருப்பேன்.

என் லாகினை கேக்குற ஜூனியர்ஸ், அது முடிஞ்சு போச்சு, முடியலன்னாலும் ஒரே போன்லதான் ஓடும். ஆனா தப்பு போட்ட கேள்வி எல்லாத்துக்கும் சரியான பதில் கைட்லைன்ல எங்க இருக்குன்னு ரெண்டு நோட்டு முழுக்க எழுதி வெச்சிருக்கேன், இந்த வாரக் கடைசில ஸ்கேன் பண்ணி காலேஜ் வாட்ஸ்அப் குரூப்ல போடறேன். கையெழுத்து நைட் டியூட்டி கையெழுத்து, புரியலன்னா கேளுங்க. மொத நோட்டுல 14ஆம் பக்கம், செவப்பு மையில எழுதினது, அந்த 16 நாள் குழந்தையோட கேஸ், அதை முதல்ல படிச்சுடுங்க.